வேகாத கிளிங்கர்

சிமெண்டு ஆலையின் சோதனைக்கூடத்தில் பதினாறு வருடமாக அவளுக்குக் கட்டி உடைக்கிற வேலை. சிமெண்டையும் மணலையும் குழைத்து அச்சில் வார்ப்பாள். தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவாள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் எந்திரத்தில் நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்கியது என்று எழுதுவாள். ஆலையே அவளை 'உடைப்பக்கா' என்றுதான் கூப்பிடும். சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் வெந்து கிளிங்கராக உருளும் சூளை அவள் கணவர் பொறுப்பு. அந்தக் கிளிங்கரை அரைத்தால்தான் சிமெண்டு.

ஒரு மாதம் மூன்றாம் நாள் கட்டிகள் பாதிப் பாரத்துக்கே உடைந்தன. சாப்பிடும்போது கேட்டாள்.

"ஏங்க, சூளையில சூட்டைக் குறைச்சிருக்கீங்களா?"

"சூடெல்லாம் அப்படியேதான் இருக்கு. உன் கைப்பக்குவம்தான் போச்சு. வயசாகுதுல்ல?" என்று சிரித்தார்.

நம்பித் தொலைத்தாள். மணலை மாற்றினாள், அச்சுகளைத் தேய்த்துக் கழுவினாள், தொட்டித் தண்ணீரை மணிக்கொரு தரம் சோதித்தாள். கடைசியில் மேலாளர் முன்னால், "தப்பு என்மேலதான் சார்" என்றும் சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற கணவர் வாயே திறக்கவில்லை.

அப்புறமும் மனசு ஆறாமல், கிளிங்கர் துண்டொன்றைப் பளபளவென்று தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தாள். தண்ணீர் பட்டதும் சீக்கிரம் இறுகி, முதல் வாரத்திலேயே பலம் தருவது அலைட் என்ற கனிமம். விளிம்பு விளிம்பாகத் தெரியும். அது உருவாக நல்ல சூடு வேண்டும். சூடு போதாவிட்டால் பெலைட்தான் அதிகம் மிஞ்சும்; உருண்டை உருண்டையாக இருக்கும், இறுக மாதக்கணக்காகும். கண்ணாடிக்கடியில் எங்கு பார்த்தாலும் உருண்டைகள். சூட்டைக் குறைத்துத்தான் இருக்கிறார்.

அன்று மாலை அவரிடம் கேட்டேவிட்டாள்.

"கரியை மிச்சம் பிடிச்சா ஃபோர்மேன் ஆக்குறேன்னாரு எங்க பிரிவுத் தலைவர். உன்கிட்ட சொன்னா எழுதிருவே."

"அதுக்காக என் கையை நானே சந்தேகப்பட விட்டுட்டீங்களே! சார் முன்னாடி நின்னேனே, ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் நுண்ணோக்கியில் எடுத்த படத்தோடு அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டாள். சூளை வேறொருவர் கைக்குப் போனது. அவரை மூட்டை ஏற்றும் இடத்துக்கு மாற்றினார்கள். "கட்டினவனையே காட்டிக் கொடுத்துட்டா" என்று பார்த்தவரிடமெல்லாம் புலம்பினார்.

கட்டிகள் பழைய பலத்துக்குத் திரும்பின. இருவரும் இன்னும் ஒரே வீட்டில்தான். மழை வருது, துணியை எடு என்று அவர் குரல் கொடுத்தால், அவள் முதலில் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்க்கிறாள்.