இரண்டாவது சீசன் முனி

அந்தப் பேய்த் தொடரின் இரண்டாவது சீசன் முடிந்த வாரம், ஈப்போவில் என் அலுவலகமே துக்க வீடாகிவிட்டது. முதல் சீசனில் தோட்டத்தைக் காவல் காத்த முனி, இரண்டாவதில் வெறும் புகையாக வந்து போய்விட்டதாம். போனஸை வெட்டியபோது வாய் திறக்காத வீரர்கள், "டைரக்டர் நம்மள ஏமாத்திட்டாரு லா" என்று வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாகப் புலம்பினார்கள்.

படம் பிடித்த இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் என் காரில் ஏறிக்கொண்டார்கள். சுங்காய் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டம்தான் அது. இப்போது முழுக்க எண்ணெய்ச் செம்பனை.

முதல் சீசனுக்காகக் கட்டிய பிளைவுட் கோயில் மழையில் ஊறி உப்பிப்போய் நின்றது. அதன் முன்னால் நால்வரும் பயபக்தியோடு செருப்பைக் கழற்றினார்கள். பெயின்ட் அடித்த முனிக்குச் சுருட்டுக் கொளுத்தி வைத்தார்கள். அவர்களில் ஒருத்திக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "உடம்பே சிலிர்க்குதுண்ணே."

சற்றுத் தள்ளி, மரத்தடியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு கல் இருந்தது. ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகுமுன் என் அப்பா தினமும் சூடம் ஏற்றிக் கும்பிட்ட முனி. கண் கலங்கியவள் செருப்புக் காலோடு அதன் முன்னால் நின்று உதட்டைப் பிதுக்கினாள்.

"இது ரெண்டாவது சீசனுக்குப் போட்டது. பாத்தாலே தெரியுது, செலவே பண்ணல லா."

மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

நான் ஒரு சுருட்டுக் கேட்டுக் கை நீட்டினேன்.

"இந்த செட்டுக்கு எதுக்குண்ணே வீணா?" என்று பெட்டியை மூடிவிட்டாள்.