ஊருக்கு வந்துருங்க

அம்மா போன மாதம் இறந்துவிட்டாள். பெயர் ராமக்காள். மைசூர் விஜயநகரில் எழுந்த வீடுகளில் பாதிக்குத் தளம் போட அவள் கான்கிரீட் சுமந்திருக்கிறாள். பாதி என்பது அவள் கணக்கு, நான் சரிபார்க்கவில்லை. அவளைப் பற்றி அழாமல் சொல்ல முடிவது ஒரு வெள்ளிக்கிழமையைத்தான்.

எங்களுக்குக் கொள்ளேகால் தாண்டி ஹனூர் பக்கம் கொஞ்சம் நிலம். மழை பெய்தால் அம்மா அங்கே. ராகி அறுத்ததும் மைசூரில் கட்டட வேலை. மைசூரில் இருக்கும்போது 'ஊருக்குப் போறேன்' என்றால் ஹனூர். ஹனூரில் நின்று அதையே சொன்னால் மைசூர். வீட்டில் யாரும் குழம்பியதில்லை.

குழம்பியவள் சௌம்யா. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் ஆராய்ச்சி மாணவி, அம்மாவைப் போல வேலைக்கு வந்துபோகிறவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். எது சொந்த ஊர், எது பிழைக்க வந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அம்மா ஒவ்வொரு தடவையும் மாற்றிச் சொல்வாள். சௌம்யாவுக்கு அதில்தான் சந்தோஷம். முன்பெல்லாம் இடப்பெயர்வை ஒரே அம்புக்குறியாகப் போடுவார்களாம்: இங்கே விட்டார்கள், அங்கே சேர்ந்தார்கள். இப்போது அவளைப் போன்றவர்கள், போய்வருவதே வாழ்க்கை, இரண்டு இடமும் சேர்ந்ததே வீடு என்று பார்க்கிறார்களாம். நான் மின்பொறியாளன், மாறுதிசை மின்னோட்டம் என்று புரிந்துகொண்டேன். அம்மா, "இதுக்கெல்லாம் படிப்பு இருக்குதா கண்ணு?" என்று சிரித்தாள்.

1997 தை மாதம். தங்கை ஸ்ரீதேவியைக் கொள்ளேகால் உமேஷுக்குக் கேட்டிருந்தார்கள். இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. உமேஷின் அம்மா லிங்கம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். நிலையாக ஓரிடத்தில் இல்லாத குடும்பம். நாளைக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் எங்கே போய்த் தேடுவது? அறுவடைக்கு ஹனூரில் இருந்த அம்மா கொள்ளேகால் போய் அவரைச் சமாதானப்படுத்தினாள். கிளம்பும்போது, வெள்ளிக்கிழமை நிச்சயம், ஊருக்கு வந்துருங்க என்று சொல்லிவிட்டு மைசூர் வந்தாள்.

வெள்ளிக்கிழமை மைசூரில் சமையல் முடிந்தது. ஸ்ரீதேவி பட்டுப்புடவையில் காத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது, எல்லோரும் ஓடினோம். ஹனூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து லிங்கம்மா.

"பூட்டுன வீட்டு முன்னால தட்டோட நிக்கறோம். நா நெனச்சது சரியாப் போச்சு. உங்களுக்கு எதுங்க ஊரு?"

அம்மா பிடித்திருந்த ரிசீவருக்கு வெளியேயும் கேட்டது. ஸ்ரீதேவி பூவைக் கழற்ற ஆரம்பித்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, தப்பு என்னுதுதானுங்க. நீங்க அங்கிருந்து பொறப்படுங்க, நாங்க இங்கிருந்து பொறப்படறோம். எங்க பாக்கறமோ அங்க வெத்தல மாத்திக்கலாம்."

நடுரோட்டிலா நிச்சயம் என்று நான் கேட்டேன். "ரோட்டுலதான்டா நாம பாதி நாள் இருக்கறோம்," என்று சொல்லிவிட்டு அம்மா டெம்போவுக்கு ஆளனுப்பினாள்.

சாம்பார் அண்டாவை நான் பிடித்துக்கொண்டேன், பாயசத்தைச் சௌம்யா. அம்மாவோடு கல் சுமக்கும் பெண்கள், மாப்பிள்ளை வரவில்லை என்றால் டிரைவருக்கே கட்டிவைக்கிறோம் என்று ஸ்ரீதேவியைக் கிண்டல் செய்தபடி வந்தார்கள். டி.நரசிபுரம் தாண்டியதும் எதிரே ஒரு வேன். ஜன்னலில் துண்டை வீசிக்கொண்டு உமேஷ்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் பாய் விரித்தோம். எமகண்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எல்லோரும் இறங்கினார்கள், லிங்கம்மாவைத் தவிர. அம்மா ஒரு டம்ளர் பாயசத்தோடு வேனில் ஏறினாள்.

"நாளைக்கு எம் பையன் மாமியார் வூடுன்னு எங்க போவான்?" என்றார் லிங்கம்மா.

"ரெண்டுல எங்க வந்தாலும் சோறு இருக்குமுங்க. இன்னிக்கு வழியிலயே இருக்குது பாருங்க."

லிங்கம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. பாயசத்தைக் குடித்துவிட்டு இறங்கினார். தட்டு மாற்றினோம். அந்தப் பக்கம் போன பஸ் வேகம் குறைத்தது. உள்ளேயிருந்து யாரோ கைதட்டினார்கள்.

சாப்பிட்டு எழுந்ததும் லிங்கம்மா, "கலியாணத்துக்காச்சும் ஊர்ப் பேரச் சொல்லிக் கூப்புடு, ராமக்காளு," என்றார்.

அம்மா சற்று யோசித்தாள். "கொள்ளேகால்லயே வெச்சுக்கலாமுங்களா? எங்களுக்கு அது நடுவுல."