படிக்காமல் அழித்த கோளாறு எண்

சூரியநெல்லியில் பெய்யும் மழை முதல் காருக்கு டீசல் போட்டது வரை தேதியிட்டு டைரியில் எழுதுபவன் நான். போன ஆடியில் இன்ஜின் விளக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை எரிந்தது. மூன்று முறையும், காரின் கோளாறை எண்ணாகக் காட்டும் ஸ்கேனரைச் சொருகி, அந்த எண்ணைப் படிக்காமலே அழித்து, விளக்கு அணைந்ததும் “சரியாகிவிட்டது” என்று எழுதினேன்.

அந்த ஞாயிறு, மூச்சுத் திணறிய மகளைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில் போடிமெட்டு ஏற்றத்தில் இன்ஜின் நின்றது.

“பிள்ளைக்கு உதடு நீலமாகுதுங்க!” என்று மனைவி கதறினாள்.

மெக்கானிக் டேவிட்டைப் போனில் கெஞ்சினேன்.

“முன்னாடி என்ன நம்பர் காட்டுச்சு?”

“அழிச்சிட்டேன் டேவிட்டு.”

“அழிச்சுப்புட்டு கேட்டா, நான் என்ன சோசியமா பாக்க அண்ணாச்சி? இப்ப காட்டுறதைப் படிங்க.”

காரில் கிடந்த ஸ்கேனரைச் சொருகி, எண்ணைப் படித்துச் சொன்னேன். இன்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரின் ஒயர் கழன்றிருக்கும் என்று டேவிட் இடம் சொன்னார். கழன்ற ஒயரை அழுத்திச் சொருகினேன். வண்டி கிளம்பியது; ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம், மகள் பிழைத்தாள்.

இப்போது எண்ணை எழுதி, டேவிட்டிடம் கேட்ட பிறகே அழிக்கிறேன். டைரியில் அந்த மூன்று “சரியாகிவிட்டது”களை அடிக்காமல் வைத்திருக்கிறேன்.