நான் மாற்றிக்கொடுத்த பெடல் சுவிட்ச்

கடையில் நான் இருந்தேன். அதே கடையின் மறுபாதியில் அப்பளமும் காப்பித்தூளும் விற்கும் என் மனைவி இருந்தாள். பாலிகஞ்சிலிருந்து வந்த ஒரு பெரியவர் இருந்தார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் இருந்தாள், நாற்பது வயதிருக்கும். வேறு யாரும் இல்லை.

வங்காளிகள் நடுவே, கரியாஹாட்டில் ஒரு சந்துக்குள் என் கடை. மிக்ஸி, கிரைண்டர், ரேடியோ ரிப்பேர். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது.

பெரியவர் பையிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஓர் அலுமினியப் பெட்டியை எடுத்து வைத்தார். மேலே காலால் மிதிக்கிற சுவிட்ச். பக்கத்தில் சின்ன விளக்கு.

"கிட்டாருக்குப் போடற பெடல். வாசிச்சா இதுல பதிஞ்சுக்கும். மிதிச்சா திரும்பக் கேக்கலாம். இப்போ அஞ்சு தடவை மிதிச்சா ஒரு தடவைதான் பிடிக்கறது. மிக்ஸி பாக்கறவர் இதெல்லாம் பாப்பேளா?"

"கரண்டு எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார்."

"எங்க வீட்டு கிரைண்டர் ஆறு மாசமா தூங்குது. அதுக்கும் கரண்டுதான்" என்றாள் என் மனைவி.

பெரியவர் சிரித்தார். மகளும் சிரித்தாள், முகத்தின் ஒரு பக்கத்தால் மட்டும்.

போன வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்ததாம். இடது கை போய்விட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். அதற்கு முந்தின வாரம் வீட்டில் உட்கார்ந்து அவள் வாசித்தது இந்தப் பெட்டிக்குள் இருந்தது.

"வேற எங்கயும் எடுத்து வைக்கலையா சார்?"

"போன்ல எடுத்துக்கணும்னு சொல்லிண்டே இருக்கோம். தினம் சாயங்காலம் இதைக் கேட்டுண்டு உக்காந்திருப்பா."

நாலு திருகைக் கழற்றினேன். உள்ளே சுவிட்சுக்கு இரண்டே ஒயர். இங்கத்து ஈரத்தில் துருப் பிடித்திருந்தது. அதே அளவில் என்னிடம் ஒன்று கிடந்தது. பற்றவைத்து மூடினேன். கரண்டு கொடுத்து, ஸ்பீக்கரை மாட்டி, ஒரு முறை அழுத்தினேன்.

விளக்கு பச்சையாக எரிந்தது. கிட்டார் கேட்டது. மகளுடைய வலது கை விரல்கள் மேஜைமேல் அசைந்தன.

"ரெண்டு தடவை வேகமா அமுக்குங்கோ, நிக்கும்" என்றார் பெரியவர். அழுத்தினேன். நின்றது.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். எந்த சுவிட்சை மாற்றினாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுவேன். நழுவாமல் நின்றால்தான் கொடுப்பேன். மிக்ஸியில் வந்த பழக்கம். கட்டைவிரலை வைத்தேன்.

"தாதா..." என்றாள் மகள். அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அடுத்த சொல் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

"அவளுக்கு அவசரம். நீங்க நன்னா பாத்துக் குடுங்கோ" என்றார் பெரியவர்.

பிடித்துக்கொண்டே இருந்தேன். விளக்கு வேகமாகத் துடித்தது. அணைந்தது.

மறுபடி அழுத்தினேன். சிவப்பாக எரிந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"பிடிச்சா... அழிஞ்சுடும்" என்றாள்.

நான் கையை எடுத்தேன். பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"திரும்ப வராதா?"

"வராது சார்."

"சாந்தினி மார்க்கெட்ல ரிப்பேர் பண்றவா யாரையாவது கேட்டா?"

"கேட்டுப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சு வராது."

"அவ சொல்லத்தான் வந்தா. நான்தான் விடலை" என்றார்.

"தப்பு என்னுது சார்."

அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. வலது கையால் சுவிட்சை அழுத்திப் பார்த்தாள். நன்றாக வேலை செய்தது. என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் குடிக்கவில்லை.

"எவ்வளவு நேரம்மா வாசிச்சிருந்தே?" என்று என் மனைவி கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

அவள் தடுமாறாமல் சொன்னாள்.

நாற்பத்தொரு விநாடி.