எறிந்தவரும் அக்கா, எடுத்தவரும் அக்கா

எங்கள் அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அக்காவை அரிசி ஆலையில் நெல் துழாவுகிறவராகத்தான் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் அவர் இரும்புக் குண்டு எறிந்தார் என்று சொன்னால் சிரிப்பு வரும். சிரியுங்கள், தப்பில்லை. சிரிப்புக்குப் பயந்து நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர் அக்கா. நைனாவுக்கு நாங்கள் இரண்டே பெண்கள். கரையிலிருந்து வலை இழுக்க ஆள் குறைந்தால் அக்காவும் கயிற்றைப் பிடிப்பார். படிப்பில் கெட்டி என்பதால் அவரைக் கும்மிடிப்பூண்டியில் சித்தி வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து நானும் போய்ச் சேர்ந்தேன். அறுபதுகளின் கடைசி அது.

பள்ளியில் ஒரு டிரில் டீச்சர் இருந்தார். தண்ணீர் நிரம்பிய குடத்தை அக்கா ஒற்றைக் கையால் தூக்கி வைத்ததைப் பார்த்துவிட்டு, மறுநாளே குண்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அக்கா அதைக் கீழே போட்டுவிட்டு அழுதேவிட்டார்.

“பொண்ணு குண்டு எறிஞ்சா ஊர்ல இன்னா சொல்வாங்க டீச்சர்?”

“வலை இழுக்கிற கைதானே இது? அப்போ ஊரு இன்னா சொல்லிச்சு?”

அந்த ஒரு கேள்விக்காகத்தான் அக்கா எறிய ஆரம்பித்தார். தாவணியை இழுத்துச் செருகி, குண்டைக் கழுத்தோடு அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவார். பிறகு கண்ணைத் திறந்து, “எங்கடி போச்சு?” என்று என்னைக் கேட்பார். எங்கே போகும்? நாலு முழம் தள்ளி அங்கேயேதான் கிடக்கும். அதை எடுத்து அவரிடம் உருட்டிவிடுவது என் வேலை. ஒரு மாதத்தில் கண்ணைத் திறந்துகொண்டு எறியத் தொடங்கினார். குண்டும் தூரம் போனது. வேண்டா வெறுப்பாக ஆரம்பித்தவருக்கு அப்புறம் ருசி பிடித்துவிட்டது. கடைசி மணி அடித்ததும், “வாடி, வாடி” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவார். அக்கா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

மற்றப் பெண்கள் சும்மா இருப்பார்களா? அக்கா கொஞ்சம் பூசினாற்போல இருப்பார். “குண்டு குண்டு போடுது, பாருங்கடி!” என்று கத்துவார்கள். அக்கா காதிலேயே வாங்கமாட்டார். ஒரு நாள் என்னைக் காட்டி, “குட்டிக் குண்டு பொறுக்கினு வருது!” என்றார்கள். எனக்கு மானம் போய்விட்டது. மறுநாள் நான் மைதானத்துக்குப் போகவில்லை. சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன்.

அக்கா எறிந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தானே நடந்துபோய்க் குண்டை எடுத்து வந்து மறுபடியும் எறிந்தார். எறிவதும் அவரே, எடுப்பதும் அவரே. அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒற்றை ஆளாக அவர் நடந்து நடந்து வந்ததை இன்றைக்கும் நினைத்தால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அதன் பிறகு போகவே இல்லை.

திருவள்ளூரில் நடந்த போட்டிக்கு டீச்சரோடு போய் இரண்டாம் பரிசு வாங்கி வந்தார். எவர்சில்வர் டிபன் டப்பா. “டப்பா எனக்கு, மூடி உனக்குடி” என்று சிரித்தார். அதற்குப் பதிலாக என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

பள்ளிப் படிப்பு முடிந்து எளாவூரில் வாழ்க்கைப்பட்டார். லாரி ஓட்டிய மாமா எழுபதுகளின் நடுவில் காய்ச்சலில் போய்விட்டார். கையில் இரண்டு பிள்ளைகள். அந்த டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு கவரைப்பேட்டை அரிசி ஆலைக்கு நாள் தவறாமல் போய்வந்து இருவரையும் ஆளாக்கினார். “யாரையும் உதவிக்குக் கூப்பிடாத மகராசி” என்று துக்கத்துக்கு வந்த நீங்கள் எல்லாரும் சொன்னீர்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றது. கூப்பிட்டாலும் ஆள் வராது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில்தான் எனக்கு வாய் வந்தது.

“யக்கா, அன்னிக்கி கிரவுண்டுல நீ என்னைத் தேடினே இல்ல...”

“சைக்கிள் ஷெட்டாண்டதானே இருந்தே? உன் பச்சைப் பாவாடை தெரிஞ்சிதே.”

“பாத்தியா? அப்புறம் ஏங்க்கா கூப்புடல?”

“கூப்ட்டா வந்துடுவே. உன்னியும் சேத்து சிரிப்பாளுங்க. சின்னப் பொண்ணு, போவட்டும்னு உட்டுட்டேன்.”

நான் வந்துவிடுவேன் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கூப்பிடவில்லை.

அக்காவைக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த ஆலைத் தோழிகளுக்கும், கடைசிக் காரியம்வரை கூடவே நின்ற எளாவூர்த் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

நைனா, அம்மா, இப்போது அக்கா. பிறந்த வீட்டில் மிச்சம் நான் ஒருத்திதான். மீஞ்சூரில் தனியாக இருக்கிறேன். சாயங்காலம் ஆனால் காது தானாக வாசல் பக்கம் போகிறது.

அக்கா, இப்போது ஒரு குரல் கொடு. யார் சிரித்தாலும் ஓடி வருவேன். கூப்பிடத்தான் ஆள் இல்லை.