இரண்டு புதுக் கார்களில் கன்னியாகுமரி போய் வந்தது

1955 மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. கார் கம்பெனி ஒன்று தன் இரண்டு புது மாடல்களை, விற்பனைக்கு வருமுன்பே, நாகர்கோவிலில் காட்டப்போவதாக எங்கள் வீட்டுக்கு அழைப்பு அனுப்பியிருந்தது. ஓட்டியும் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் போனேன். என் கணவருக்குத் தக்கலையில் மரக்கடை. வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. "ஓட்டப்போறது நீ. நீயே பாத்து முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டார். நான் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த பத்து வருடமும் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவள். ஊர் திரும்பியதும் இங்கத்து லைசென்ஸையும் எடுத்துவிட்டேன்.

கூட வந்தவள் என் மகள் மெர்சி, பதினொரு வயது. நான்கு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் வலுவிழந்துவிட்டது. காலுக்கு இரும்புச் சட்டம் மாட்டி, ஒரு ஊன்றுகோலோடு நன்றாகவே நடப்பாள். கஷ்டம் நடப்பதில் இல்லை, ஏறுவதில்தான். பஸ்ஸில் கண்டக்டர் தூக்கித்தான் ஏற்றுவார். நல்ல மனிதர். ஆனாலும் அவர் தூக்கும்போதெல்லாம் மெர்சி கண்ணை இறுக மூடிக்கொள்வாள். வரும் வருடம் மேல்வகுப்புக்கு நாகர்கோவில் போகவேண்டும். "ஒருத்தர் தூக்கித்தான் போகணும்னா எனக்குப் படிப்பே வேண்டாம்" என்று சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிற பெண் அவள்.

தக்கலையிலிருந்து பத்து மைல். காலை 7.15 பஸ்ஸில் ஏறி, எட்டு மணிக்கு நாகர்கோவிலில் இறங்கினோம். மைதானத்தில் பச்சையில் ஒரு பெரிய கார், சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார். இரண்டுக்கும் நாலு கதவு. சென்னையிலிருந்து வந்திருந்த கம்பெனிக்காரர், கோட்டும் டையுமாக, எங்களுக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"சார் வரலீங்களா?"

"இல்லை. ஓட்டிப் பார்க்கப் போவது நான்."

"எங்க டிரைவர் ஓட்டுவாருங்க. நீங்க சௌகரியமா பின்னாடி உக்காந்து பாக்கலாம்."

"வண்டியை வாங்கினால் உங்கள் டிரைவரும் கூடவே வருவாரா?" என்று கேட்டு, லைசென்ஸை நீட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அன்றைக்காக அமர்த்தியிருந்த தங்கப்பன் எனக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. தங்கப்பன் மணவாளக்குறிச்சிக்காரர், மணல் லாரி ஓட்டுகிறவர். கன்னியாகுமரிக்குப் பச்சைக் காரில் போய், சாம்பல் காரில் திரும்புவதாக ஏற்பாடு. கம்பெனிக்காரர் சாம்பல் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

பச்சைக் காரில் மெர்சியை நான்தான் ஏற்றினேன். அவசரம். அது என் தப்பு.

சாலையில் அந்த வண்டியைக் குறை சொல்லவே முடியாது. சுசீந்திரம் பாலத்தைத் தாண்டியதும் வயலெல்லாம் அறுப்பு. கொட்டாரத்தில் ரோட்டிலேயே வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள். அதன்மேல் பிரேக் போட்டும் வழுக்கவில்லை. தங்கப்பன் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டார். "அம்மா வண்டி ஓட்ட எங்க படிச்சிய? நான் இஞ்ச இருக்கதே வெறுதே" என்றார், தான் கூட வந்ததே வீண் என்பதுபோல. பன்னிரண்டு மைல், முப்பத்தைந்து நிமிடம். கன்னியாகுமரிக் கடலைப் பார்க்கும்போது மனதுக்குள் விலையைப் பேசி முடித்திருந்தேன்.

அங்கே மெர்சி தானாக இறங்கப் பார்த்தாள். பின்கதவு பாதிதான் திறக்கிறது, இருக்கையோ பள்ளம். நீட்டியபடியே இருக்கும் காலை வெளியே எடுக்க வழியில்லை. சட்டம் கதவின் அடியில் மாட்டிக்கொண்டது. ஓடிவந்த கம்பெனிக்காரர் அவள் கக்கத்தில் கை கொடுத்தார்.

"தொடாதீங்க!" என்று கத்தினாள் மெர்சி.

அவர் விட்டுவிட்டார். அவள் மணலில் விழுந்தாள். உள்ளங்கை சிராய்த்துவிட்டது. தூக்கப் போன என்னையும் பார்த்து, "அம்மா, பிடிக்காண்டாம்" என்றாள். நான் நின்றேன். வண்டிச் சக்கரத்தைப் பிடித்து அவள் எழுந்து நிற்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

கடற்கரையில் காப்பி குடித்தோம், ஒரு காப்பி இரண்டணா. பிறகு சாம்பல் காரின் பின்கதவை மெர்சியே திறந்தாள். அது வண்டிக்குக் குறுக்காக நிற்குமளவு திறந்தது. இருக்கையும் உயரம். முதல் தடவை ஊன்றுகோல் இடித்தது. இரண்டாம் தடவை தலை இடித்தது. மூன்றாம் தடவை முதுகைக் காட்டி உட்கார்ந்து, சட்டத்தைக் கையால் தூக்கி, காலை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"இது டாக்ஸிக்காரங்க வாங்கற வண்டிங்க" என்றார் கம்பெனிக்காரர், மெதுவாக. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேட்டில் ஏறும்போது முனகியது, கியரை இரண்டு முறை போட்டால்தான் விழுந்தது. இவ்வளவு பணம் போட்டு இதையா வாங்குவது என்று நான் குழம்பிக்கொண்டே ஓட்டினேன்.

மூன்று மைல் போயிருப்போம். கொட்டாரம் கடைத்தெருவில், "அம்மா, நிறுத்து. நான் பழம் வாங்கிட்டு வாறேன்" என்றாள் மெர்சி. அவள் தனியாகக் கடைக்குப் போனதே இல்லை. இறங்கினாள். வாழைக்குலைகள் தொங்கிய ஒரு கடையின் முன் போய் நின்றாள். பின்னால் பச்சைக் காரில் வந்த கம்பெனிக்காரர் இறங்கி வந்து, கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். கடைக்காரி பேசியது எங்களுக்கும் கேட்டது.

"எந்த ஊரு மக்கா?"

"தக்கலை. மட்டிப்பழம் ஒரு சீப்பு. கறுத்தது வேண்டாம்."

"கொள்ளாமே! அந்த வண்டி ஆருக்க?" மெச்சிக்கொண்டே, வண்டி யாருடையது என்று கேட்டாள்.

மெர்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்க அம்மைக்க" என்றாள்.

நான் கம்பெனிக்காரரிடம், "சாம்பல் வண்டிக்கு எங்கள் பேரை எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். தங்கப்பன் சிரித்துவிட்டார். "கிளச்சைக் கொஞ்சம் முறுக்கினா கியரு சரியாவும் அம்மா" என்று அப்போதுதான் சொன்னார்.

இப்படி ஓட்டிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் கிளம்பினால் அறுப்புக் காலத்திலும் ரோடு ஓரளவு காலியாக இருக்கும். லைசென்ஸைக் கையோடு கொண்டுபோங்கள், பெண்கள் கட்டாயம். ஒரே வண்டியில் போய் அதிலேயே திரும்பிவிடாதீர்கள். பின்னால் உட்காரப் போகிறவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவரையே கதவைத் திறக்கச் சொல்லுங்கள், எத்தனை நேரம் ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.