உச்சி மரத்தில் ஏற்றிய சூடம்

வெள்ளியங்கிரிக்கு நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் முட்டி வலிக்கிறது என்பேன். அது பொய், குழந்தைகளே.

ஐம்பதுகளின் கடைசியில், உங்கள் அக்கா வயிற்றில் இருந்தபோது, மில்லில் லீவு சொல்லிவிட்டு உங்கள் மாமாவோடு மலையேறினேன். ஆறாவது மலைச் சுனையில் குளித்து, உங்கள் அம்மாவுக்கு ஒரு சொம்பு தீர்த்தம் பிடித்துக்கொண்டேன். ஏழாவது மலை உச்சியில் காற்று சூடத்தை எரிய விடவில்லை. பாறை நடுவே பாசி பிடித்த குட்டை மரம் ஒன்று நின்றது. மறைவாக இருக்கட்டுமென்று அதன் பொந்துக்குள் சூடம் ஏற்றிக் கும்பிட்டேன். உள்ளிருந்த சருகு குப்பென்று பற்றிக்கொண்டது.

"மச்சான், சொம்புத் தண்ணிய ஊத்துங்க!" என்று மாமா கத்தினார்.

"தீர்த்தம் மாப்ளே! உங்கக்காளுக்குங்க!"

"எறங்கறப்ப மறுபடி புடிச்சுக்கலாமுங்க, மொதல்ல ஊத்துங்க!"

நான் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். மாமா துண்டால் அடித்துப் பார்த்தார். மரம் நுனிவரை எரிந்தது. சுற்றிலும் பாறை என்பதால் கீழே சோலைக்காடு தப்பியது.

வீட்டில் உங்கள் அம்மா தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தாள்.

"சாமி நல்லாக் கும்புட்டீங்களா?"

"ஆமா அம்மணி" என்றேன்.

மாமா சொன்னது சரிதான். இறங்கும்போது அந்தச் சுனையைத் தாண்டித்தான் வந்தோம். தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. என் கையில் சொம்பு நிறைந்திருந்தது.